அறிவு ஓர் அமானிதம்



கல்விக்கூடங்களின் அருகே கஞ்சா விற்போரைப் பிடிக்கத் தமிழகக் காவல்துறை 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை'யைத் தொடங்கியது; 2022இல் இரண்டாம் முறையும் நடத்தியது. விற்பவனைப் பிடிப்பது காவலர் கடமை. புகைத்த பிள்ளையை மீட்பது யார் கடமை?

"இது வெறும் இலைதானே, மதுவைவிடத் தீங்கு குறைவு" என்று வாலிபர் வாதிடுகின்றனர். மார்க்கம் இவ்வாதத்தை ஏற்றதில்லை. அறிவைக் காப்பது ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் ஒன்று. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் ஸர்கஷீ அவர்கள், கஞ்சா ஹராம் என்பதை விளக்கத் தனி நூலே இயற்றினார்கள்.

இன்றைய மருத்துவம் கூறுவதையும் கேளுங்கள். மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. இன்பத்தை நாடும் பகுதி முந்தி விழித்துக்கொள்கிறது. விளைவை எண்ணித் தடுத்து நிறுத்தும் நெற்றிப்பகுதியோ கடைசியில்தான் முதிர்கிறது. நரம்பணுக்களின் இணைப்புகளைச் சீர்செய்ய, கஞ்சாவை ஒத்த பொருள்களை மூளையே மிக நுண்ணிய அளவில் சுரக்கிறது. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்னும் பொருள் அவற்றின் இடத்தைப் பறித்து அவ்வேலையைக் குலைக்கிறது. நினைவாற்றலும் கவனமும் தளர்கின்றன. சிலருக்கு மனச்சிதைவு நோய் வரும் அபாயமும் கூடுகிறது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரை 38 வயது வரை கவனித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பதின்வயதில் தொடங்கிக் கஞ்சாவுக்கு நெடுங்காலம் அடிமையாயிருந்தவர்களின் நுண்ணறிவு எண் சராசரியாக 8 புள்ளிகள் வரை குறைந்திருந்தது. வயது வந்தபின் தொடங்கியவர்களிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை. குடும்பச் சூழலுக்கும் இதில் பங்குண்டு எனப் பின்வந்தோர் சிலர் வாதிட்டனர். அப்படியே கொண்டாலும், சூழலைத் திருத்தும் பொறுப்பு பெற்றோரையே சாரும் அல்லவா?

திருப்பருத்திக்குன்றத்தார்க்கும் காஞ்சி நகரத்தார்க்கும் இதனை விளக்கத் தறியொன்றே போதும். உடலையும் கரையையும் மூன்று நாடாக்களால் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இருவர் கை வேண்டும். நெய்து முடிந்த சேலையில் பட்ட கறை வேறு. தறியிலேயே அறுந்த பாவு வேறு. பதின்வயது மூளை இன்னும் தறியில் இருக்கிறது. பிள்ளையின் நெற்றிப்பகுதி முதிரும் வரை அந்த இரண்டாவது கை தாய் தந்தையுடையதே.

பெற்றோர்களே! மானம் போய்விடும், காவல்நிலையம் ஏற நேரிடும் என்றஞ்சி மறைக்காதீர்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 64அ பிரிவில் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. உட்கொண்ட குற்றத்திற்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ உள்ளான அடிமை, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அவ்வழக்கினின்று விலக்குண்டு. சிகிச்சையை முழுமையாக முடித்தல் வேண்டும். 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

அடித்து விரட்டினால் பிள்ளை விற்பவனிடமே அடைக்கலம் புகுவான். அணைத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவனது அறிவு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றி நாளை நீங்களும் விசாரிக்கப்படுவீர்கள்.