முப்பத்தெட்டு வயதில் ஒரு மாணவர்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



“வேலைக்குப் போயாச்சுன்னா படிப்பு முடிஞ்சுது.” எங்கள் வீட்டில் இது ஒரு சட்டம் மாதிரி. அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போடப் பழகியவர்கள், அவ்வளவுதான். படிக்க வந்தவன் நான் ஒருவன். அவர்கள் அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் டிப்ளமோ படிக்கும் நாமும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதைப் பற்றித்தான் நாலு வார்த்தை எழுத வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 18 வருடம் லேத் ஓட்டியவர். 38 வயதில் வேலையை விட்டுவிட்டு, சென்னை கிண்டியில் சி.ஐ.டி.எஸ். என்கிற பயிற்சியில் போய்ச் சேர்ந்தார். ஐ.டி.ஐ.களில் தொழில் கற்றுக்கொடுப்பவர்களுக்கான ஒரு வருடப் பயிற்சி அது. நடத்துவது மத்திய அரசின் தேசிய திறன் பயிற்சி நிறுவனம். பழைய ஆட்கள் இன்னும் ஏ.டி.ஐ. என்றுதான் சொல்வார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்களும் சேரலாம், நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களும் சேரலாம். வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெருவில் சும்மா விடுவார்களா! “மகன் பத்தாவது படிக்கிறான், அப்பன் நோட்டைத் தூக்கிட்டு கிளாசுக்குப் போறானாம்” என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. இன்னும் சிலர் கொஞ்சம் யோசித்துக் கேட்டார்கள்: “18 வருஷம் மெஷின்ல நின்னவனுக்கு எதுக்குய்யா பயிற்சி? நேரா போய்ச் சொல்லிக் குடுக்க வேண்டியதுதானே?”

இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும். லேத்தில் மரை வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். டயலில் சரியான கோடு வரும்போது ஹாஃப் நட்டைப் போட வேண்டும். தவறினால் முன்பு வெட்டிய மரையின் மேலேயே டூல் குறுக்கே ஓடிவிடும், ஜாப் வீண். அந்த அண்ணனிடம் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “அது கை தானா போகும் தம்பி” என்றார். கை தானாகப் போவதுதான் தொழில்! ஆனால் எதிரே நிற்கிற 16 வயதுப் பையனுக்கு கை தானாகப் போகாதே? அவனுக்கு எந்த இடத்தில் பயம் வரும், எதை முதலில் காட்ட வேண்டும், எப்போது மெஷினை அவனிடம் விட வேண்டும் என்பதெல்லாம் வேறு ஒரு வித்தை. பயிற்சியில் அதை நான்கு படிகளாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். பையனைத் தயார்படுத்துவது, செய்து காட்டுவது, அவனையே செய்ய விடுவது, பிறகு சோதித்துப் பார்ப்பது. தனக்குத் தெரிந்த வேலையை நிறுத்தி நிறுத்தி, தெரியாதவன் கண்ணால் பார்க்க வேண்டும். 18 வருட அனுபவம் உள்ளவருக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம். அதற்காகவே ஒரு வருடம் உட்காரலாம் என்பது என் கட்சி.

அப்துல் கலாம் ராக்கெட்டை விட்டுவிட்டு 2001இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்த வந்தார். குடியரசுத் தலைவர் பதவி முடிந்த பிறகும் கற்பிப்பதை விடவில்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். அவர் படத்தை மாட்டாத ஒர்க்‌ஷாப் உண்டா? அவர் வந்தால் கைதட்டல், லேத் மெஷினை விட்டு ஒருத்தர் வந்தால் கேலி. இது எந்த ஊர் நியாயம்?

பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்கு வர நினைப்பவர்கள் கதையும் பார்த்தேன். ஒரு வருடமாக இருந்த பி.எட். படிப்பை 2015இல் இரண்டு வருடமாக்கினார்கள். கல்யாணம் ஆகாதவனுக்கு அது ஒரு வருடம் கூடுதல், அவ்வளவுதான். குடும்பஸ்தனுக்கு 12 மாதச் சம்பளம்! பிறகு 2020இல் தமிழக அரசு நேரடி நியமனத்துக்கு வயது வரம்பு வைத்தது, பொதுப் பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45. ஆசிரியர்கள் போராடிப் போராடி 2023இல் அது 53, 58 என்று உயர்ந்தது. கதவைத் திறந்தார்கள், சந்தோஷம். வாசல் வரை நடந்து வருகிற செலவு யாருடையது?

அந்த அண்ணன் வீட்டில் அந்த வருடம் எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும். அக்கா ராத்திரி பதினொரு மணி வரை தையல் மெஷினில். சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தார்கள். ஓ.டி. காசு நின்றது, மகனுக்கு டியூஷன் நின்றது. மனுஷன் படிப்புக்குப் பயப்படவில்லை. ஒண்ணாம் தேதிக்குத்தான் பயந்தார்.

1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி, தொழில் பழகப் போகும் 18 வயதுப் பையனுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கற்றுக்கொள்பவனுக்குக் கொடுப்பது சரிதான். அவனுக்குக் கற்றுக்கொடுக்க, சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவருக்கு? இங்கிலாந்தில் ஆள் தட்டுப்பாடு உள்ள கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களுக்கு ஆசிரியர் பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை தருகிறார்கள். அங்கே லூசி கெல்லவே என்ற பத்திரிகையாளர் 58 வயதில், 2017இல், கணித ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். தன்னைப் போல நடுவயதில் வருகிறவர்களுக்காகவே ஒரு அமைப்பையும் தொடங்கினார். அவர் வசதியும் எங்கள் தெரு வசதியும் ஒன்றல்ல என்பது எனக்கும் புரியும். அதனால்தான் இங்கே தொகை இன்னும் அவசியம் என்கிறேன்.

எனக்கும் இதில் சுயநலம் உண்டு. டிப்ளமோ முடித்ததும் கம்பெனிக்குத்தான் போகப் போகிறேன், வீட்டுக் கடன் அப்படி. பத்துப் பதினைந்து வருடம் கழித்து நானும் கிண்டிக்கு ரயில் ஏறலாம். என் பெண்டாட்டி ராத்திரி பதினொரு மணிக்குத் தைக்கக் கூடாது!

ஆகவே நமது மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுப் பயிற்றுநர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒரு வருடமும் மாத உதவித்தொகை கொடுக்கச் சொல்லி, தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக்கு ஒரு தீர்மானம் போட்டு அனுப்புங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். செமஸ்டர் லீவு விடுவதற்குள் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள் தோழர்களே, அப்புறம் ஆள் சேராது!