பாத்தாச்சு, அடுத்தது?

மூன்று வாரக் கற்கைநெறி முடியப் போகுது. விமானத்துக்கு இன்னும் மூன்று நாள். வட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுகிறது: பிராண்டன்பேர்க் வாயில், யூத நினைவிடம், செக்பொயின்ட் சார்லி, பேர்லின் சுவர், சக்சன்ஹவுசன் வதைமுகாம், பிறகு ஷொப்பிங். ஒவ்வொன்றுக்கும் நேரமும் போட்டிருக்கு. யூத நினைவிடத்துக்கு 20 நிமிசம்.

இலங்கையிலிருந்து பேர்லினுக்குப் படிக்கப்போன நாங்கள் ஏழு பேரும் அந்தப் பட்டியலுக்கு 'ஓகே' போட்டம். அதனால இந்தக் கட்டுரை முதலில் எங்களுக்கு எதிரானது. பிறகுதான் இப்பிடி ஒழுங்குபண்ணுற ஆட்களுக்கு.

கொல்லப்பட்ட யூதர்களுக்கான அந்த நினைவிடம் 2005இல் திறக்கப்பட்டது. 2711 கொங்கிறீற் கட்டைகள். அதற்குக் கீழே நிலக்கீழ் காட்சிக்கூடம் ஒன்று இருக்கு. கொல்லப்பட்டவர்களின் பெயர்களும் குடும்பக் கதைகளும் அங்கதான். நுழைவுக் கட்டணம் இல்லை. வரிசை நீளம் எண்டு நாங்கள் கீழே இறங்கவே இல்லை. மேலே கட்டைகளுக்கு நடுவில் நிண்டு படம் எடுத்தம்.

வெக்கம் என்னெண்டால், 2017இல் ஷஹாக் ஷபிரா என்ற கலைஞர் இதே இடத்துச் செல்ஃபிகளை எடுத்து, பின்னணியில் வதைமுகாம் பிணங்களை ஒட்டி வெளியிட்டதைப் பற்றி இரண்டு கிழமைக்கு முதல் வகுப்பில் படிச்சனாங்கள். விவாதிச்சனாங்கள். குறிப்பும் எடுத்தனாங்கள். பிறகு அதே இடத்தில் அதே மாதிரிப் படம்.

"பிள்ளைகள் மூண்டு நாள் சந்தோசமா இருந்தால் உங்களுக்கென்ன?" எண்டு கேட்பியள். நியாயமான கேள்வி. எங்கட பாஸ்போட்டுக்கு ஷெங்கன் விசா எடுக்கிறது லேசில்லை. வங்கிக் கணக்கு, 30,000 யூரோ காப்புறுதி, திரும்பி வருவம் எண்டதுக்கு ஆயிரம் அத்தாட்சி. இன்னொருக்கால் போவமோ தெரியாது. அந்த ஊரைப் பார்க்க ஆசைப்படுறது பிழையில்லை. சிரிச்சதும் பிழையில்லை. நினைவிடத்தை வடிவமைத்த பீற்றர் ஐசன்மனே அது புனித இடமில்லை, பிள்ளைகள் அங்க விளையாடுவினம் என்று சொன்னவர்.

எங்கட கேள்வி வேற. ஏன் இதெல்லாம் கடைசி மூன்று நாளில்? முதல் கிழமை போயிருந்தால் திரும்பிவந்து வகுப்பில் கேட்டிருப்பம். விளங்காட்டில் இன்னொருக்கால் போயிருப்பம். கடைசி நாளில் பார்த்த இடத்தைப் பற்றி யாரிட்ட கேட்கிறது? விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிட்டயா? படிப்பை முன்னுக்கும் இடத்தைப் பின்னுக்கும் வைத்தால், இடம் படிப்புக்குக் கிடைத்த பரிசாகிவிடும். வதைமுகாமும் ஷொப்பிங்கும் ஒரே பட்டியலில் வாறது அப்பிடித்தான்.

இந்தப் பட்டியலை நாங்கள் முதலே கண்டிருக்கிறம். எதிர்ப்பக்கத்தில் நிண்டு. 2009க்குப் பிறகு ஏ9 வீதியால் பஸ் பஸ்ஸாய் ஆட்கள் வந்தினம். கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணித் தாங்கிக்கு முன்னால் படம், பக்கத்தில் நினைவுப்பொருள் கடை. முல்லைத்தீவுக் கரையில் துருப்பிடிச்ச பாரா-3 கப்பலுக்கு முன்னால் படம். புதுக்குடியிருப்புப் பக்கம் நிலக்கீழ் வீடு, 2013இல் தகர்க்கப்படும்வரை. எங்கட சனம் எலும்பு பொறுக்கின மண்ணில் சுற்றுலாவோ எண்டு கொதிச்சனாங்கள். அந்தக் கோபம் சரியானது, இண்டைக்கும் சரிதான். ஆனால் பஸ்ஸில் வந்த எல்லாரும் கெட்டவையில்லை. முடிச்சுக் கட்டின ஒரு கதையைக் கேட்டுவிட்டு, நேரத்துக்குப் பஸ் ஏறின ஆட்கள். பேர்லினில் நாங்களும் அதுதான்.

இன்னும் கிட்ட வருவம். யாழ்ப்பாணத்துக்கு வாற நண்பர்களுக்கு நாங்கள் எதைக் காட்டுறம்? கோட்டை, நூலகம், நல்லூர், ஐஸ்கிரீம் கடை. சோனகத் தெருவுக்கு எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனனாங்கள்? 1990 ஒக்டோபரில் புலிகள் அந்தச் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன கதையை ஆர் சொல்லுறது? அதே ஆண்டு ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுவரில் அந்தத் துளைகள் இண்டைக்கும் இருக்கு. பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போற எங்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிவாசல் வாசலில் நிண்டிருக்கிறம்? மற்றவன்ர பட்டியலில் என்ன இருக்கு எண்டு கொதிக்கிற நாங்கள், எங்கட பட்டியலில் என்ன இல்லை எண்டு பார்க்கிறதில்லை.

ஆகவே கேட்கிறம். கற்கைநெறி நடத்துபவர்களே, கொலை நடந்த இடத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீங்கோ. பன்னிரண்டு இடம் வேண்டாம், ஒரு இடத்தை முதல் கிழமையில் காட்டுங்கோ. அந்த ஊர் ஆள் ஒருவரோடு நடக்க விடுங்கோ. கடைசி மூன்று நாளை ஐஸ்கிரீமுக்கும் ஷொப்பிங்குக்குமே விடுங்கோ, அதில் ஒரு குற்றமும் இல்லை.

எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளுறது: வாற மாதம் தெற்கிலிருந்து எங்கட நண்பர்கள் சிலர் வருகினம். முதல் நாள் பின்னேரம் சோனகத் தெரு. அங்க திரும்பிவந்து குடியிருக்கிற ஒருவரிட்டக் கேட்டிருக்கிறம், கதைக்க ஓமெண்டவர். அடுத்த நாள் முள்ளிவாய்க்கால். படம் எடுக்கிறதா இல்லையா எண்டதை, கதை கேட்டபிறகு அவையளே முடிவெடுக்கட்டும்.