இழுப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்!
சின்ன மோட்டார் சைக்கிளில் கூடாரச் சுற்றுலா: நாட்டுக்கு நாடு சட்டம் வேறு

லண்டனில் ஒருவர் கார் ஓட்டும் லைசென்சு வாங்குகிறார். காருக்கு இழுக்கும் சக்தி இருந்தால், 3,500 கிலோ வரை எடையுள்ள டிரெய்லரை அவர் பின்னால் மாட்டிச் செல்லலாம். முன்பெல்லாம் பெரிய டிரெய்லர் இழுக்கத் தனிப் பரீட்சை உண்டு. 2021 டிசம்பர் 16 முதல் அதுவும் கிடையாது.

அதே லண்டனில் இன்னொருவர் 125 சி.சி. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். லீவு நாளில் கூடாரமும் படுக்கையும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற ஆசைப்படுகிறார். சாமான்களுக்காக ஒரு சின்னப் பெட்டி வண்டியைப் பின்னால் மாட்டுகிறார்.

சட்டப்படி அது குற்றம்!

கடலைத் தாண்டினால் பிரான்சு. அங்கே 50 சி.சி. மொபெட்டில் கூட டிரெய்லர் மாட்டலாம்!

ஒரே மாதிரி வண்டி. ஒரே மாதிரி ரோடு. இங்கே குற்றம், அங்கே அனுமதி. என்ன காரணம்? எந்த நாட்டின் சட்டத்தில் நியாயம் இருக்கிறது?

ஏழையின் சுற்றுலா

மோட்டார் சைக்கிள் டிரெய்லர் என்பது புதுச் சரக்கு அல்ல.

இரண்டாவது உலகப் போர் 1945-ல் முடிந்தது. ஐரோப்பாவில் சாதாரணக் குடும்பத்துக்குக் கார் எட்டாக் கனி. அந்தச் சமயத்தில் இத்தாலியில் 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது. 1947-ல் லாம்பிரெட்டா வந்தது. தொழிலாளியும் குமாஸ்தாவும் அவற்றை வாங்கினார்கள்.

வேலைக்குப் போக வண்டி கிடைத்தது. உல்லாசப் பிரயாணம் போக? கணவனும் மனைவியும் ஏறி உட்கார்ந்தால் சாமானுக்கு இடம் இல்லை. அதற்காகப் பிறந்ததுதான் டிரெய்லர். வெஸ்பாவுக்கு ஒற்றைச் சக்கர டிரெய்லர் வந்தது.

செக்கோஸ்லோவாகியாவில் ஜாவா மோட்டார் சைக்கிள் பிரசித்தம். அதன் பின்னால் மாட்ட 'பாவ் 40' என்ற டிரெய்லரை அந்த நாட்டில் செய்தார்கள். அதற்கும் ஒரே சக்கரம்தான். சுமார் 40 கிலோ சாமான் ஏற்றலாம். கூடாரமும் பாத்திரமும் துணிமணியும் அதில் போகும். கணவனும் மனைவியும் வண்டியில் போவார்கள். ஓட்டல் செலவு மிச்சம்!

ஜாவா என்ற பெயர் நம் நாட்டிலும் தெரிந்த பெயர். 1961-ல் மைசூரில் அதன் உற்பத்தி தொடங்கியது. பிறகு 'யெஸ்டி' என்ற பெயரில் ஓடியது. 1996-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

ஐரோப்பாவில் 1957-ல் குட்டி பியட் 500 கார் வந்தது. 1959-ல் மினி கார் வந்தது. கையில் பணம் சேரச் சேர, மக்கள் காருக்கு மாறினார்கள். மோட்டார் சைக்கிள் டிரெய்லர் மூலைக்குப் போயிற்று.

ஆனால் மறையவில்லை. இன்றும் கார் வாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கார் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கொரோனா பரவிய 2020-ல் விமானங்கள் நின்றன, ஓட்டல்கள் மூடப்பட்டன. உள்ளூரிலேயே கூடாரம் அடித்துத் தங்கும் பழக்கம் பல நாடுகளில் பெருகியது. சின்ன வண்டிக்காரர்களுக்கும் அந்த ஆசை இருக்காதா?

மூன்று நாடு, மூன்று கணக்கு

ஒரு சின்ன உதாரணம். 125 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று. அதன் எடை 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் எவ்வளவு எடை மாட்டலாம்?

பிரான்சில், டிரெய்லரின் மொத்த எடை வண்டியின் எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எனவே 55 கிலோ.

ஜெர்மனியில், வண்டியின் எடையோடு ஓட்டுகிறவருக்காக 75 கிலோவைக் கூட்ட வேண்டும். வரும் தொகையில் பாதி. 110-ம் 75-ம் 185. அதில் பாதி 92 கிலோ சொச்சம். இது பிரேக்கு இல்லாத டிரெய்லருக்கு மேல் எல்லை. அந்த வண்டிக்கும் கொக்கிக்கும் அனுமதி இருந்தால்தான் மாட்டலாம். அது மட்டுமா? மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது.

பிரிட்டனில்? சைபர்! 125 சி.சி.க்கு மேல் இருந்தால்தான் டிரெய்லர். மேல் இருந்தால், வண்டி எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை இழுக்கலாம். ஆனால் 150 கிலோவுக்கு மேல் கூடாது. டிரெய்லரின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. ஓட்டுகிறவரிடம் முழு லைசென்சு இருக்க வேண்டும்.

ஆக, பிரான்சு எடையைப் பார்க்கிறது. ஜெர்மனி எடையையும் வேகத்தையும் பார்க்கிறது. பிரிட்டன் எடையையும் பார்க்கிறது. ஆனால் முதலில் என்ஜினைப் பார்க்கிறது.

ஆறு மீட்டர்!

எது சரி என்று தெரிய வேண்டுமானால், டிரெய்லரில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

'சின்ன என்ஜின் இழுக்குமா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இழுக்கும்! சமதரையில் 55 கிலோ ஒரு பாரமே அல்ல. பின் சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்தால் அதற்கு மேல் எடை வந்துவிடுகிறது. மேட்டில் கொஞ்சம் திணறும். கியரைக் குறைத்தால் ஏறிவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'நிற்குமா?' என்பதே அது.

பின் சீட்டில் உட்காரும் ஆளின் எடை வண்டியின் டயர்களை ரோட்டில் அழுத்துகிறது. டயர் ரோட்டை இறுகப் பிடிக்கிறது. பிரேக்குக்கு அது உதவி. டிரெய்லரின் எடை அப்படி அல்ல. அது தன் சக்கரத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சக்கரத்தில் பிரேக்கு இல்லை. பிரேக்கு போட்டதும் அது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறது.

வண்டி 110 கிலோ. ஓட்டுகிறவர் 70 கிலோ. ஆக 180. அதன் பின்னால் 55 கிலோ டிரெய்லர். மொத்தம் 235. நிறுத்தும் பிடி 180 கிலோவுக்கு. நிற்க வேண்டியது 235 கிலோ!

நல்ல உலர்ந்த ரோடு. 60 கிலோ மீட்டர் வேகம். வெறும் வண்டி, பிரேக்கு பிடித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், டிரெய்லர் மாட்டிய வண்டி நிற்க 26 மீட்டர் வேண்டும்.

ஆறு மீட்டர்தானே என்று நினைக்கலாம். ஆறு மீட்டர் என்பது ஒரு பஸ்ஸின் பாதி நீளம். குறுக்கே வந்த குழந்தைக்கு முன்னால் நிற்பதும், நிற்காமல் போவதும் அந்த ஆறு மீட்டரில்தான் இருக்கிறது.

வேகம் கூடினால் இன்னும் மோசம். 60-லிருந்து 90 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் நிற்கும் தூரம் இரண்டே கால் மடங்கு! 26 மீட்டர் 58 மீட்டர் ஆகிவிடும். மழை பெய்திருந்தால் அதற்கும் மேல்.

முன்பாரமும் பின்பாரமும்

இன்னொரு ஆபத்தும் உண்டு. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அது தெரிந்த விஷயம். பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும்.

டிரெய்லருக்கும் அதே நியாயம். கனமான சாமானைப் பின்னால் வைத்தால், வேகம் எடுத்ததும் அது நாய் வால் போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வண்டியையே கவிழ்த்துவிடும். தண்ணீர்க் கேனும் ஸ்டவ்வும் சக்கரத்துக்குச் சற்று முன்னால், அடியில் இருக்க வேண்டும். படுக்கையும் துணியும் மேலே, பின்னால். கொக்கியின் மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அழுத்தினால் சரியாக இருக்கும். 55 கிலோ டிரெய்லருக்கு ஐந்தாறு கிலோ.

அந்த 55 கிலோவில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெறும் டிரெய்லர் 25 கிலோ என்றால் சாமானுக்கு 30 கிலோதான் மிச்சம். கூடாரம் 4 கிலோ. இரண்டு பேர் படுக்கை 4 கிலோ. ஸ்டவ்வும் பாத்திரமும் 4 கிலோ. துணி 6 கிலோ. தண்ணீர் 5 கிலோ. உணவுப் பொருள் 4 கிலோ. ரிப்பேர்ச் சாமான் 3 கிலோ. கணக்குப் பார்த்தால் 30 கிலோ! நாற்காலியும் மேஜையும் வேண்டுமானால் வேறு எதையாவது வீட்டில் வைக்க வேண்டும்.

சக்கரம் ஒன்றா, இரண்டா என்பதும் முக்கியம். ஒற்றைச் சக்கர டிரெய்லர் திருப்பத்தில் வண்டியோடு சேர்ந்து சாயும். இரட்டைச் சக்கர டிரெய்லர் சாயாது, நிமிர்ந்தே நிற்கும். அதனால் அதன் கொக்கி எல்லாப் பக்கமும் சுழல வேண்டும். சுழலாத கொக்கியை மாட்டினால், வண்டி சாயும்போது கொக்கி முறியும். அல்லது டிரெய்லர் புரளும்.

ரோட்டில் ஒரு பள்ளம் இருந்தால் மோட்டார் சைக்கிள் ஒதுங்கிப் போய்விடும். பின்னால் வரும் இரட்டைச் சக்கரங்களில் ஒன்று அதில் விழும். ஒரு மீட்டர் அகலம் பின்னால் வருகிறது என்ற நினைவு ஓட்டுகிறவருக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

சி.சி. பார்ப்பது சரியா?

இப்போது பிரிட்டனின் சட்டத்துக்கு வருவோம்.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். 125 சி.சி. வண்டிகளைப் பயிற்சி நிலையில் இருப்பவர்களும் ஓட்டுகிறார்கள். சின்ன என்ஜின் மேட்டில் மெதுவாக ஏறும். பின்னால் லாரி வந்தால் ஆபத்து.

ஆனால் வெஸ்பா ஸ்கூட்டரைப் பாருங்கள். பிரிமவேரா என்ற ஒரே வகையை 125 என்றும் 150 என்றும் விற்றிருக்கிறார்கள். உடல் ஒன்றுதான். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. 150-ஐ வைத்திருப்பவர் தம் வண்டி எடையில் மூன்றில் இரண்டு பங்கை இழுக்கலாம். 125-ஐ வைத்திருப்பவர் ஒரு கிலோவைக் கூட இழுக்கக் கூடாது! பயிற்சி நிலையில் இருப்பவரைத் தடுப்பதற்கு லைசென்சு விதியே போதும். முழு லைசென்சு உள்ளவரை ஏன் தடுக்க வேண்டும்?

இன்னொரு சங்கடமும் வந்துகொண்டிருக்கிறது. மின்சார மோட்டார் சைக்கிளுக்கு சி.சி.யே கிடையாது! அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சி.சி.யை நம்பிய சட்டங்கள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனியின் 60 கிலோ மீட்டர் விதியிலும் கோளாறு உண்டு. அங்கே பெரிய நெடுஞ்சாலையில் லாரிகள் 80 கிலோ மீட்டர் வேகம் வரை போகலாம். 60-ல் போகும் மோட்டார் சைக்கிளின் முதுகில் லாரி வந்து நிற்கும். டிரெய்லர்க்காரர்கள் கிளைச் சாலையில் போவதே நல்லது. ஊர் பார்க்கப் புறப்பட்டவர்களுக்குக் கிளைச் சாலைதானே அழகு!

ஆபத்து எடையிலும் வேகத்திலும் இருக்கிறது. எனவே எடைக்கும் வேகத்துக்கும் எல்லை போடுவதே நேர்மையான சட்டம். என்ஜினுக்கு எல்லை போடுவதால் ஆபத்து குறைவதை விட, சின்ன வண்டிக்காரரின் சுற்றுலா குறைவதுதான் அதிகம்.

நம் ரோட்டில்?

இதைப் படித்துவிட்டு, வெல்டிங் கடையில் கொக்கி ஒட்டிப் புறப்பட யாரும் நினைக்கக் கூடாது!

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. கம்பெனி செய்து கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை அது தடுக்கிறது. 2020-ல் மத்திய சர்க்கார், இரு சக்கர வண்டியில் வைக்கும் பெட்டிக்கு அளவு சொன்னது. நீளம் 55, அகலம் 51, உயரம் 50 சென்டி மீட்டர். பின் சீட்டில் பெட்டி வைத்தால் அங்கே ஆள் உட்காரக் கூடாது.

கண்டிப்பு எதற்கு? 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள்.

டிரெய்லர் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு நமக்கு உதவும். அரிசி மூட்டையோ, கியாஸ் சிலிண்டரோ, ஊருக்குப் போகும் பெட்டியோ, எதை ஏற்றினாலும் வண்டி நிற்கும் விதம் மாறிவிடுகிறது. பாரம் ஏற்றிய அன்று வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தை விட அதிக இடைவெளி விட வேண்டும். டயரில் காற்றுப் பார்க்க வேண்டும். கனத்தைக் கீழே கட்ட வேண்டும்.

இதற்குப் பணம் செலவில்லை. பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டால் போதும்.