கட்டிலருகே தொங்கும் மூன்றாவது பை



பகல்நேரக் கீமோ சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் கட்டில்களைச் சுற்றி வருகிறோம் நாங்கள். அங்கே தொங்கும் பைகள் எங்களுக்குப் பழக்கமானவை. ஒரு பையில் மருந்துச் சீட்டுகளும் பரிசோதனை அறிக்கைகளும் இருக்கும். இன்னொன்றில் வெந்நீர்க் குடுவையும் மாற்றுத் துணியும் இருக்கும். சில கட்டில்களில் மூன்றாவதாக ஒரு துணிப்பையும் தொங்கும். அதனுள் இரண்டு பின்னல் ஊசிகள், ஓர் உல்லன் நூல் உருண்டை, பாதி பின்னிய ஸ்வெட்டர். மலையூர்களிலிருந்து வருவோரிடம் இதைக் கூடுதலாகக் காண்கிறோம். சமவெளியிலிருந்து வருவோரிடம் பெரும்பாலும் குரோஷா ஊசியும் பருத்தி நூலும் இருக்கும்.

அந்த மூன்றாவது பையைப் பற்றியே இவ்விதழில் பேச விழைகிறோம். நோய் சற்றுக் கடுமையானதும் வீட்டார் முதலில் அப்புறப்படுத்துவது அதைத்தான். “எதுக்கும்மா இப்ப இது? பேசாம படுத்துக்கோ” என்று பரிவோடு சொல்லி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறார்கள். அதன்பின் எவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

எங்கள் கருத்து இதற்கு மாறானது. தொடங்கிய பின்னலை முடிப்பதா, நிறுத்துவதா, வேறொருவரிடம் ஒப்படைப்பதா என்னும் முடிவு அதைத் தொடங்கியவருக்கே உரியது. அவரிடம் அதைக் கேட்க வேண்டும். பதில் சொல்ல அவருக்கு வலு இருக்கும்போதே கேட்க வேண்டும்.

இவ்வாறு நாங்கள் எண்ணுவதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. எங்கள் பிரிவுக்குப் பல மாதங்கள் வந்துசென்ற அம்மையார் ஒருவர், மருந்து ஏறும் நேரத்தில் நீலநிற ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை ஆகியவை முடிந்திருந்தன. பின்னர் உடல்நிலை மோசமாகிப் பை அலமாரிக்குப் போயிற்று. அவர் மறைந்து சில வாரங்கள் கழித்து அவருடைய மகள் அந்தப் பையுடன் எங்களைத் தேடி வந்தார். “இது யாருக்குன்னு அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார். அளவைப் பார்த்தால் மகனுக்காகவும் இருக்கலாம், மருமகனுக்காகவும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை அந்த ஸ்வெட்டரைப் பார்த்து “அழகாக இருக்கிறதே” என்று பாராட்டிய நாங்களும், அது யாருக்கு என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பின்னல் அறியாதோர்க்கு ஒரு சிறு கணக்கைச் சொல்வோம். நடுத்தரப் பருமனுள்ள நூலில், 10 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தில் ஏறத்தாழ 20 கண்ணிகள் வீதம் 28 வரிசைகள் அமையும். அதாவது 560 கண்ணிகள். வளர்ந்தவர் ஒருவர் அணியும் முழுக்கை ஸ்வெட்டரில் 50,000 கண்ணிகள் அளவுக்கு இருக்கும். அவை ஒவ்வொன்றும் தனித்தனியே விரலால் எடுத்து ஊசியில் மாற்றப்பட்டவை. அந்த உழைப்பைப் பாதியில் மூடி வைக்கும்போது, மூடப்படுவது வெறும் நூல்தானா என்று வீட்டார் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நல்ல உடல்நிலையில் உள்ளவர்களிடமும் பின்னல் வேலைகள் முடியாமல் கிடப்பதுண்டு. தொடக்கத்தில் நிறமும் வடிவமும் தரும் ஊக்கம் கடைசியில் இருப்பதில்லை. துண்டுகளை இணைத்துத் தைப்பது, நூல் முனைகளை உட்புறம் செருகி மறைப்பது, நனைத்து வடிவம் பிடித்து உலர்த்துவது ஆகியவை சலிப்பூட்டும் வேலைகள். ஒரு காலுறை முடிந்தபின் இரண்டாவதைத் தொடங்கக் கை வராது. ஆனால் நோயாளிக்கு முடிப்பதன் பொருள் வேறு. அவருடைய நாளைப் பிறரே வகுக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை எப்போது, அடுத்த மருந்து எப்போது, வீட்டுக்குப் போவது எப்போது என எதுவும் அவர் கையில் இல்லை. இன்று பத்து வரிசை பின்னலாம், அல்லது பின்னாமலே இருக்கலாம் என்பது மட்டும் அவருடைய விருப்பம். ஒன்றை முடித்து, கடைசிக் கண்ணியை மூடி நூலை வெட்டும்போது அவர் முகத்தில் தோன்றும் நிறைவைக் கண்டவர்கள் நாங்கள்.

எனவே நோயாளிகளுக்கு முதலில் நாங்கள் கூறுவது இதுதான்: முடிக்கக்கூடிய அளவுள்ள ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதையும் முதலில் உங்களுக்காகவே பின்னிக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெண்கள் பேரக்குழந்தைக்கு, மகனுக்கு, தங்கைக்கு, அண்டை வீட்டாருக்கு எனப் பின்னுவார்கள். தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சிகிச்சையில் முடி உதிர்ந்தபின் தலையில் அணிய, மென்மையான பருத்தி நூலில் ஒரு குல்லாய் பின்னுங்கள். அதற்கு ஸ்வெட்டரைவிட மிகக் குறைந்த கண்ணிகளே போதும். பழகிய கைகள் இரண்டு மூன்று அமர்வுகளில் முடித்துவிடும். பெரிய போர்வைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடல்நிலைக்கேற்ற கவனமும் தேவை. வின்கிறிஸ்டின், பேக்லிடாக்செல் போன்ற மருந்துகளால் சிலருக்கு விரல் நுனிகள் மரத்துப்போகும். அப்போது கண்ணிகள் நழுவினால் அது உங்கள் திறமைக் குறைவன்று. தடித்த ஊசிக்கும் தடித்த நூலுக்கும் மாறிக்கொள்ளுங்கள்; மரத்துப்போவதை மருத்துவரிடமும் தெரிவியுங்கள். ஆக்சாலிபிளாட்டின் பெறுவோர்க்குக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே கூச்சம் ஏற்படலாம். அவர்களுக்கு மூங்கில் அல்லது மர ஊசிகள் ஏற்றவை. மார்பக அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டோர், சிறிது நேரம் பின்னிக் கைக்கு ஓய்வு கொடுத்துத் தொடர வேண்டும். கை வீங்கினாலோ கனத்தாலோ நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைக் காணுங்கள். டயாலிசிஸ் நடக்கும்போது ஊசி செருகப்பட்ட கையை அசைக்கலாகாது. பின்னலை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூர்முனை ஊசிகளைத் தவிருங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குக் கொடுப்பதை முதலில் துவைத்து நன்கு உலர்த்துங்கள். பச்சிளம் குழந்தைக்கான கையுறை, காலுறைகளின் உட்புறத்தில் நூல் முனை தொங்க விடாதீர்கள். அது பிஞ்சு விரலைச் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடக்கூடும்.

அடுத்து, உடனிருப்போர்க்கு. “முடிக்காத வேலையைப் பற்றி இப்போது கேட்டால், இனி உன்னால் முடியாது என்று சொல்வதுபோல ஆகாதா? அபசகுனமாகாதா?” என்று நீங்கள் தயங்குவது எங்களுக்குப் புரிகிறது. நோயின் தீவிரத்தை நோயாளியிடமிருந்து மறைத்தே பேசிப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. ஆயினும் எங்கள் அனுபவத்தில், கட்டிலில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எல்லாம் தெரிந்தே இருக்கிறது. தாம் பேசினால் பிள்ளைகள் கலங்குவார்களே என்று அவரும், கேட்டால் அம்மா கலங்குவாரே என்று பிள்ளைகளும் மௌனமாக இருக்கிறார்கள். அத்தகைய வீட்டில் மரணத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்க முடியாது. ஒரு ஸ்வெட்டரைப் பற்றிப் பேசலாம். “இது யாருக்கும்மா? கை நீளம் எவ்வளவு வைக்கணும்?” என்று கேட்கலாம். அதிலிருந்து பேச்சு எங்கு போக வேண்டுமோ அங்கு அவரே அழைத்துச் செல்வார். போக விரும்பாவிடில், பேச்சு ஸ்வெட்டரோடு நின்றுவிடும். இரண்டும் நல்லவையே.

ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பது இயலக்கூடியதா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவில் மேசி கேப்லன், ஜென் சிமோனிக் என்னும் இரு தோழியர் 2022-ஆம் ஆண்டில் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர்களுடைய தோழி ஒருவரின் தாய் இறந்தபோது, குரோஷா போர்வைகள் முடிவுறாமல் நின்றுபோனதே அதற்குத் தூண்டுதல். மறைந்தவர்கள் விட்டுச்சென்ற கைவேலைகளையும், நோயாலோ உடற்குறையாலோ தொடர முடியாதவர்களின் கைவேலைகளையும், கைத்தேர்ச்சியுள்ள தன்னார்வலர்கள் கூலியின்றி முடித்துக் குடும்பத்தாரிடம் சேர்க்கிறார்கள். நம் ஊர்களில் அதற்குத் தனி அமைப்புக்கூடத் தேவையில்லை. பின்னத் தெரிந்த அத்தையோ சித்தியோ அண்டை வீட்டு அக்காவோ கிடைக்காத தெரு குறைவு.

அவ்வாறு கைமாறும்போது ஒன்று நிகழும். இருவர் கைப்பிடி ஒன்றுபோல் இராது; ஒருவர் இறுக்கிப் பின்னுவார், மற்றவர் தளர்த்திப் பின்னுவார். ஆகவே கைமாறிய வரிசையைக் கூர்ந்து நோக்கினால் கண்டுகொள்ளலாம். அதைப் பிரித்துச் சீர்ப்படுத்த வேண்டாம். அம்மா எதுவரை பின்னினார் என்பதை அந்த வீட்டார் தொட்டுப் பார்க்க அந்த வரிசை உதவும்.

இவற்றுக்கெல்லாம் தேவைப்படுவது ஒரு துண்டுச்சீட்டுதான். பைக்குள் அதை இன்றே வையுங்கள். யாருக்கு, என்ன அளவு, எத்தனையாம் எண் ஊசி, வரிசைக்கு எத்தனை கண்ணிகள் என்று எழுதுங்கள். நூலின் மேலுறையையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஒரே நிறமானாலும் வெவ்வேறு முறை சாயம் தோய்த்த நூல்கள் சற்று வேறுபடும். மேலுறையில் உள்ள சாயத் தொகுதி எண் இருந்தால் அதே நூலைத் தேடலாம். கடைசியாக, “என்னால் முடியாவிட்டால்” என்று தொடங்கி ஒரு வரி எழுதுங்கள். எழுதக் கை ஒத்துழைக்காவிடில் நீங்கள் சொல்லச் சொல்ல வீட்டார் எழுதட்டும்.

அந்த ஒரு வரியில் “பிரித்துவிடுங்கள்” என்றும் எழுதலாம். முடித்தே தீர வேண்டும் என்று எவரையும் நாங்கள் வற்புறுத்தவில்லை. எட்டுப் பேரக்குழந்தைகளுக்கும் ஆளுக்கொன்று என வாக்களித்துவிட்டு, ஐந்தாவதில் களைத்து, அதை எண்ணி உறங்காமல் கிடப்போரும் உண்டு. அவர்களுக்கு வீட்டார் கொடுக்க வேண்டியது விடுதலை. “போதும்மா, இருக்கிறதே நிறைய” என்று மனமாரச் சொல்லுங்கள். பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, நிழலில் தொங்கவிட்டால் நெளிவு பெரும்பாலும் நீங்கி மீண்டும் பயன்படும். எதுவும் வீணாவதில்லை.

அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் அந்தப் பையையும் எடுத்து வாருங்கள். டிரிப்ஸ் ஊசியை எந்தக் கையில் போட்டால் பின்னுவதற்கு வசதி என்று செவிலியரிடம் முன்னதாகவே சொல்லுங்கள். இயன்றவரை அவ்வாறே செய்வார்கள். அது யாருக்கு என்று வீட்டார் கேட்கட்டும். அவர்கள் கேட்கத் தயங்கினால், இம்முறை நாங்கள் கேட்போம்.