ரீச்சருக்கு இடமாற்றம் வந்தால் அந்தப் பிள்ளைக்கு யார்?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அரச பாடசாலைக்கு அண்மையில் போயிருந்தேன். பாடசாலையின் பெயரைச் சொன்னால் பிள்ளையை அடையாளம் காட்டியதாகிவிடும். பலகையில் இன்னும் ‘றோ.க.த.க.’ என்றுதான் இருக்கிறது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. மிஷன் போனது, பெயர் நின்றது. இன்று அங்கு படிப்பவர்களில் அதிகமானோர் சைவப் பிள்ளைகள்.

எட்டாம் தரத்தில் ஒரு பிள்ளை. போரில் காலை இழந்த தகப்பன் பின்னர் இறந்துவிட்டார். தாய் குவைத்தில் வீட்டு வேலை. அம்மம்மாவோடு இருக்கிறாள். போன வருடம் மூன்று கிழமை தொடர்ந்து பாடசாலைக்கு வரவில்லை. வகுப்பு ரீச்சர் வீடு தேடிப் போனார். சப்பாத்து இல்லை என்றார்கள். இரண்டாம் தரம் போனபோதுதான் அயலவர் ஒருவரின் தொந்தரவு வெளியே வந்தது. அதிபரிடம் சொல்லி, பாடசாலையின் சிறுவர் பாதுகாப்புக் குழுவைக் கூட்டுவித்து, பிரதேச செயலகம்வரை அலைந்தவர் அந்த ரீச்சர்தான். அவர் கத்தோலிக்கர்.

“வேதக்கார ரீச்சர்தான் தம்பி. ஆனா வெள்ளிக்கிழமையில பிள்ளை திருநீறு பூசாமப் போனா அவதான் ஏனெண்டு கேப்பா” என்றார் அம்மம்மா.

இதெல்லாம் விசுவாசத்தாலா என்று ரீச்சரிடம் கேட்டேன். சிரித்தார். “ஞாயிற்றுக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை செய்யாட்டி, அடுத்த ஞாயிறு என்ன முகத்தோட கோயிலுக்குப் போறது?”

எங்கள் சனத்துக்கு இந்த விடயத்தில் சந்தேகம் உண்டு, அது காரணமில்லாததும் அல்ல. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய வெள்ளைக்காரரின் பெயர்களைச் சூட்டினார்கள். ஆ. சதாசிவம்பிள்ளை ஜே. ஆர். ஆர்னல்ட் ஆனது அப்படித்தான். 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கியதன் பின்னணியில் இந்தக் கோபமும் இருந்தது. ஆனால் அதே மிஷன்தான் 1824இலேயே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை திறந்தது.

பழங்கதை மட்டுமல்ல. 2010இல் நாங்கள் மீளக்குடியேறியபோது ஒரு குழு கொப்பியும் சப்பாத்தும் கொண்டுவந்தது. ஜெபம் முடிந்த பிறகே பங்கீடு. என் தங்கச்சி கண்ணை மூடி வாயை அசைத்தாள். சப்பாத்து அளவில்லை. இன்றைக்கும் அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

இந்த ரீச்சர் எந்த விலையும் கேட்கவில்லை. அதனால்தான் அம்மம்மா நம்புகிறார். விசுவாசம் அரச வகுப்பறைக்குள் வருவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஒரு பிள்ளையின் பாதுகாப்பு அந்த ஒன்றில் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பதே பிரச்சினை. 2016 முதல் 5 தொடக்கம் 16 வயதுவரை கல்வி கட்டாயம். வராத பிள்ளையைத் தேடிப் போவது யார்? அங்கு வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான சேர் முழுநேரமும் கணிதம் படிப்பிக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, கணிதத்துக்கு வேறு ஆள் இல்லை. 1929க்கு அழைக்கலாம்தான், ஆனால் அழைக்க வேண்டும் என்று யாருக்காவது முதலில் தெரியவேண்டுமே.

ரீச்சரின் கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்துவிட்டது. அவருடைய பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள். இடமாற்றம் கேட்டிருக்கிறார், கேட்கவும் வேண்டும். மேசை லாச்சியில் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். பதினொரு பிள்ளைகளின் பெயர், வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த நாளில் வராமல் விடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். போகும்போது அதை யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்டார்.