ஒழுகுற டேங்கோடு நஞ்சில்லா நெல் ஏற்றலாமா?



விளைய வைத்தால் மட்டும் போதாது, விற்பதும் நம் கையில் இருக்கணும் என்று நாம் பேசாத கூட்டம் இல்லை. அதற்கு ஒரு வண்டி வேணும். புது வண்டி விலைக்கு நம்மால் முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து பழைய லோடு வண்டி வாங்கினால், திருமானூரில் ஏற்றிய அரிசியையும் காய்கறியையும் கொள்ளிடம் பாலம் தாண்டி திருவையாறு, தஞ்சாவூர் வரைக்கும் இடைத்தரகர் இல்லாமல் கொண்டு போய்விடலாம். நல்ல யோசனைதான். ஆனால் வாங்கும்போது என்ஜின் சத்தம் கேட்கிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம். கீழே குனிந்து டீசல் டேங்கைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

"ரெண்டு சொட்டுதானே, போகட்டும்" என்பதுதான் நம்மாளுங்க வழக்கமாகச் சொல்வது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 8,640 சொட்டு. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. அப்படியானால் நாளைக்கு 430 மில்லி, மாதத்துக்கு 13 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே வருஷத்துக்கு 14,000 ரூபாய் மண்ணுக்குள் போகிறது.

காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். மண்? வண்டியை நாம் நிறுத்துவது களத்து மேட்டில், மோட்டார் கொட்டகைப் பக்கத்தில், கிணற்றடியில். கொள்ளிடக் கரையின் மணற்பாங்கான மண்ணில் எண்ணெய் நிற்காது, கீழே இறங்கும். டீசல் பட்ட மண் தண்ணீரை ஏற்காது, காற்றும் புகாது. மண்புழு அந்த இடத்தில் தங்காது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியபோது ஊரே திரண்டது. உழவர் இயக்கங்கள் துணை நின்றன. அது பெரிய கசிவு, நம்முடையது சின்னது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் வயலில் எண்ணெய் படக்கூடாது என்று கேட்கிற நமக்கு, நம் வண்டிக்கு அடியிலும் அதே கண் வேணும்.

இன்னொன்று, நம்பிக்கை. அரிசி பக்கத்து வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ரசாயனம் இல்லை என்று நம்பி வாங்குகிற அம்மா, சோறு வடிக்கும்போது டீசல் வாடை அடித்தால் மறுபடி நம்மிடம் வருவாரா? மூணு வருஷம் மண்ணைத் தேற்றி உண்டாக்கிய பேர் ஒரு சாக்கு மூட்டையில் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒழுகுவது டேங்குதானா என்று பாருங்கள். டேங்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, அடியில் ஒரு அட்டையைப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். பல நேரம் குற்றவாளி டேங்கே இல்லை; வெடித்துப்போன ரிட்டர்ன் ஹோஸ், தேய்ந்த டிரைன் பிளக் வாஷர், மேலே மீட்டர் யூனிட்டின் கேஸ்கட் இவற்றில் ஒன்றாக இருக்கும். இதெல்லாம் சின்னச் செலவில் முடிகிற வேலை.

டேங்கேதான் என்றால், பெரும்பாலும் அதைத் தாங்கும் இரும்புப் பட்டை உரசிய இடத்திலோ அடிப்பாகத்திலோ ஓட்டை இருக்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம். உள்ளே சேரும் ஈரம் அடியில் தங்கி, உள்பக்கமிருந்து துருப்பிடிக்கும். ஒரு ஓட்டை தெரிந்தால் பக்கத்தில் பத்து இடம் மெலிந்திருக்கும் என்று அர்த்தம். எம்-சீல் வைப்பது பட்டறை வரை போய்ச் சேருவதற்கு மட்டும்தான், அதுவே வைத்தியம் ஆகாது. பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் எம்-சீல் சரியாக ஒட்டவே ஒட்டாது.

பற்றவைக்கும்போதுதான் உயிராபத்து. டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று தீப்பிடிக்காது என்கிற தைரியத்தில் காலி டேங்கை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுக்கிறார்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பொல்லாதது. சூடு பட்டதும் உள்சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் ஆவியாகிக் காற்றோடு கலந்து வெடிக்கும். டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுப் பலமுறை அலசி, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்கணும். அதுவும் டேங்க் வேலை தெரிந்தவர் மட்டும். அவசரப்படுத்தி ஒரு பட்டறைப் பையனின் உயிரோடு விளையாட வேண்டாம்.

என் கருத்து இதுதான்: துரு அதிகமென்றால் ஒட்டுப் போடாதீர்கள், டேங்கையே மாற்றுங்கள். மாற்றும்போது பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பர் வையுங்கள். வண்டி விலை பேசும்போதே இந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த டேங்கைக் கண்டால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். அப்போது மட்டும் ஒட்டி மறைக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

ஏற்கெனவே டீசல் ஊறிய மண் இருந்தால் வெட்டி எடுத்து, கிணறும் பயிரும் இல்லாத மேட்டில் மக்கிய எருவோடு கலந்து, ஈரம் காக்கப் புரட்டிவிடுங்கள். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. டெல்லியின் டெரி நிறுவனம் ஆயில் ஜாப்பர் என்ற கலவையை அப்படிப்பட்ட பாக்டீரியாவைக் கொண்டுதான் உருவாக்கியது. ஆனால் அவற்றுக்குப் பல மாதம் பிடிக்கும். அந்த மண்ணை அவசரப்பட்டு வயலுக்குக் கொண்டுவராதீர்கள்.

வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவும் ஒரு விதி போட்டுக்கொள்ளலாம்: ஒழுகுகிற வண்டிக்குக் களத்தில் இடமில்லை. அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். கூட்டம் முடிகிற வரை வண்டிக்கு அடியில் ஒரு அட்டையும் கிடக்கட்டும்.