முதுகா, முதலிடமா?

காலை நிகழ்ச்சியில் முதுகுவலி என்று பேச்சை எடுத்தால் போதும், தொலைபேசி ஓயாது. போன வாரம் அழைத்தவர்களில் ஒருவர் லோரி ஓட்டுநர். "தம்பி, ரேஸ் காடி ஓட்டுறவங்களுக்கும் முதுகு வலிக்குமா?" என்று கேட்டார். அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் "வலிக்கும்ண்ணே" என்று மட்டும் சொன்னேன். மீதி இதோ.

2022 ஜூன் 12, அசர்பைஜானின் பாக்கூ நகரம். ஃபார்முலா ஒன் பந்தயம் முடிந்து, நான்காவதாக வந்த லூயிஸ் ஹமில்டன் காரிலிருந்து இறங்கவே திணறினார். இடுப்பில் கை வைத்தபடி மெல்ல நிமிர்ந்தார். ஏழு முறை உலகச் சாம்பியன், வயது 37. மோதலா? இல்லை. பந்தயம் முழுக்கக் கார் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு விதிகள் மாறியிருந்தன. காரின் அடிப்பகுதி காற்றை இழுத்து, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும்படி புதிய வடிவமைப்பு. வேகம் கூடக் கூட கார் தாழும். ஒரு கட்டத்தில் தரைக்கும் அதற்கும் இடையே காற்றோட்டம் தடைபடும், பிடி விட்டுப்போகும், கார் எழும்பும். எழும்பியதும் காற்று மறுபடி ஓட, மறுபடி உறிஞ்சும். மணிக்கு 300 கிலோமீட்டரில் இது வினாடிக்கு ஐந்தாறு முறை நடந்தால்? போதாததற்கு, அந்தக் கார்களின் சஸ்பென்ஷன் கல் போலக் கெட்டி. இருக்கையில் மெத்தை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

வினாடிக்கு ஐந்தாறு முறை என்பதில்தான் வில்லங்கம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரப் போகும் அல்லவா? உட்கார்ந்திருக்கும் மனித உடம்பின் முதுகுத்தண்டும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் இயல்பாக அசையும். இரண்டும் ஒத்துப்போனால், இருக்கையில் கிடைக்கும் அதிர்வைவிட உடம்புக்குள் அதிர்வு பெரிதாகிவிடும். தாங்கிப் பிடிக்கும் தசைகள் களைக்கும். பிறகு சுமை முழுவதும் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகளின் தலையில்.

காரைச் சற்று உயர்த்தினால் குதிப்பது குறையும். ஆனால் வேகமும் குறையும். எந்தக் குழு தானாக முன்வந்து செய்யும்? குதிக்காத கார் வைத்திருந்த குழுக்களோ, "உங்கள் காரை நீங்களே உயர்த்திக்கொள்ளுங்கள்" என்ற தோரணையில் இருந்தன. 30 வயதில் கைத்தடி ஊன்ற விருப்பமில்லை என்று பியேர் காஸ்லி வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் எஃப்.ஐ.ஏ. தலையிட்டது. ஆகஸ்டில் பெல்ஜியம் பந்தயத்திலிருந்து குதிப்புக்கு அளவுகோல் வைத்தது. 2023-இல் அடித்தள ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னது. முடிவை ஓட்டுநரிடமே விட்டிருந்தால், வலியோடுதான் ஓட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் லோரி அண்ணனுக்கு வேகம் கம்மி, ஆனால் மணிக்கணக்கு அதிகம். நாள் முழுக்க, வருடக்கணக்கில் வரும் சின்ன அதிர்வும் இடுப்பைப் பதம் பார்க்கும். இருக்கையை உங்கள் எடைக்கேற்பச் சரிசெய்யுங்கள். நெடுந்தூரம் ஓட்டி இறங்கிய கையோடு மூட்டை தூக்காதீர்கள். தசைகளுக்குச் சில நிமிடம் கொடுங்கள், கொஞ்சம் நடங்கள்.

அவர் இருக்கையின் ஸ்ப்ரிங் உடைந்து எட்டு மாதமாம். முதலாளி "பார்க்கலாம்" என்கிறாராம். அண்ணே, இந்தப் பக்கத்தை வெட்டி அவர் மேசைமேல் வையுங்கள்.